டயர் செருப்பு அணிந்த அண்ணனுக்கு நன்றி

மச்சு பிச்சு என்னும் பழைய இன்கா நகருக்கு நடந்துபோகும் பெருவின் இன்கா பாதையில் இரண்டாம் நாள்தான் ஆளைச் சோதிக்கிறது. வார்மிவானுஸ்கா கணவாய் 4,215 மீட்டர் உயரம். அதை நெருங்கும்போது என் மனைவிக்கு மண்டை பிளப்பதுபோல் வலி, ஓயாத வாந்தி. வழிகாட்டி பின்தங்கிய இன்னொருவரோடு கீழே இருந்தார்.

அப்போதுதான் அண்ணா, எதிர்த்திசையிலிருந்து நீங்கள் வந்தீர்கள். கூடாரமும் அடுப்பும் சுமந்து காலையிலேயே எங்களைக் கடந்துபோன எங்கள் குழுவின் சுமைதூக்கி. கணவாய்க்கு அப்பால் பக்காய்மாயு முகாமில் சுமையை இறக்கிவிட்டு, யாரும் அனுப்பாமலேயே மறுபடி அந்த ஏற்றத்தை ஏறியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பு ஓய்வு கேட்டிருக்கும் நேரம் அது.

முன்யா என்னும் மலைப் புதினா இலையை உள்ளங்கையில் கசக்கி அவளை முகரச் செய்தீர்கள். அவளுடைய பையை வாங்கி மாட்டிக்கொண்டீர்கள். கணவாயைத் தாண்டியதும், ஒழுங்கற்ற அந்த இன்காக் கற்படிகளில் எப்போதும் ஒரு படி கீழே நின்று, அவள் கை ஊன்றத் தோளைக் கொடுத்தீர்கள். டயர் ரப்பர் செருப்புக்குள் வெடித்திருந்த உங்கள் குதிகால்களைப் பார்த்தபடியே நான் பின்னால் வந்தேன். இறங்க இறங்க அவளுக்கு வலி குறைந்தது. பணம் நீட்டினேன், தலையசைத்து மறுத்துச் சமையல் கூடாரத்துக்குள் போய்விட்டீர்கள்.

கடைசி நாள் விடியுமுன் சுமைதூக்கிகள் ரயிலைப் பிடிக்க இறங்கிவிடுகிறார்கள். இன்டி புங்கு என்னும் சூரிய வாயிலிலிருந்து மச்சு பிச்சுவை நாங்கள் பார்த்தபோது நீங்கள் அருகில் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பாதையில் போகப்போகிறவர்களே, உங்கள் சுமைதூக்கிகளிடம் இதை யாரையாவது கொண்டு அவர்களுடைய கெச்சுவா மொழியில் சொல்லச் சொல்லுங்கள். அவர் காதுக்கு எட்டட்டும். அண்ணா, அவள் நலமாக இருக்கிறாள்.