கொம்பில் தடுக்கி நிற்பவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையங்களில், எழுதப் படிக்கத் தெரியாத 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் 200 மணி நேரம் பாடம் நடக்கிறது. முடிவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. ஒழுங்காக வந்துபோயும் நாலு மாதம் கழித்து ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் பிரித்துப் படிக்க முடியாமல் ஓரிருவர் நிற்பதுண்டு. “வயசாயிடுச்சு, மண்டையில ஏறல” என்று தன்னார்வலர் சொல்வார். படிக்க வந்தவரும் தலையாட்டிவிடுவார். இவர்களில் சிலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு. இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதன் 18ஆம் பிரிவு, வயது வந்தோர் கல்வியில் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க வழிசெய்வதை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கடமையாக்குகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான 16, 17ஆம் பிரிவுகளைப் பேசும் அளவுக்கு இந்தப் பிரிவை யாரும் பேசுவதில்லை.

மையத்தில் முதலில் பார்க்க வேண்டியது கண்ணை. நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். பாடநூலைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தாலே தெரிந்துவிடும். +1.5 அல்லது +2 கண்ணாடி போட்டதும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கற்றல் குறைபாட்டில் சேர்ப்பது தவறு. அடுத்தது காது.

இவை இரண்டும் சரியென்றாலும் ஒரே நாளில் சோதித்து முத்திரை குத்தக்கூடாது. பள்ளிகளில் பயன்படும் ஒலிச் சோதனைகள் இங்கே ஏமாற்றிவிடும். ‘கல்’லில் ‘க்’கை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டால், ‘அல்’ என்பதற்குப் பதில் ‘ல்’ என்பார், இல்லையென்றால் சிரிப்பார். பள்ளிக்கே போகாத, குறைபாடு எதுவும் இல்லாதவரும் அப்படித்தான் சொல்வார். மெய்யும் உயிரும் தனித்தனி என்கிற உணர்வு பெரும்பாலும் எழுத்துப் படித்த பிறகு வருவது. ஆகவே 40 மணி நேரமாவது கற்பித்துவிட்டு, கூடவே தொடங்கியவர்கள் நகர்ந்த பிறகும் இவர் மட்டும் அதே இடத்தில் நிற்கிறாரா என்று பார்ப்பதே நம்பகமான வழி. பேருந்துப் பலகையில் ‘பழனி’யைப் படித்துவிடுவார், அது வடிவத்தை வைத்து ஊகிப்பது. அதே எழுத்துகளை ‘னிழப’ என்று மாற்றி எழுதிக் காட்டினால் உண்மை தெரியும்.

தமிழ் எழுத்தில் தடுக்கும் இடங்களும் தனி. ஆங்கிலக் கையேட்டில் இருக்கிற b–d எழுத்துக் குழப்பத்தை மொழிபெயர்த்துத் தன்னார்வலருக்குக் கொடுத்துப் பயனில்லை. இங்கே பெரிய தடை கொம்பு. ‘கொடை’ என்பதில் கண் முதலில் சந்திப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’கை. கொம்பை விட்டவர் ‘காடை’ என்பார், காலை விட்டவர் ‘கெடை’ என்பார். கொம்பு, க, கால் மூன்றையும் தனித்தனி அட்டையில், கொம்புக்கு மட்டும் வேறு நிறத்தில் எழுதுங்கள். ‘க’வை வைத்து ‘க’ என்று சொல்லவைத்து, கொம்பை முன்னால் நகர்த்தி ‘கெ’, பிறகு காலைச் சேர்த்து ‘கொ’. கையால் நகர்த்துவது முக்கியம். கரும்பலகையில் காட்டினால் ஏறுவதில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், இரண்டு எழுத்து போதும்.

அடுத்த தடை உகர வரிசை. கு, சு, டு என்று வாய்ப்பாட்டு வரிசையில் போனால் ஒவ்வொரு வாலும் வேறு. பு, யு, வு, சு ஒரு நாள். டு, மு, ரு, ழு, ளு வேறொரு நாள். து, நு, லு, று, னு இன்னொரு நாள் என்று வால் ஒத்தவற்றைச் சேர்த்துக் கற்பிக்கலாம். அச்செழுத்தின் அளவு 18 புள்ளிக்குக் (பாயின்ட்) குறையக்கூடாது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ போன்ற நீளச் சொற்களைப் பென்சில் கோடு போட்டுப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கணக்கில் சொல்லே குழப்புகிறது. ‘நூற்றி எட்டு’ என்றால் 100 எழுதி 8 எழுதுவார், 1008 ஆகிவிடும். தொண்ணூறில் ‘நூறு’ கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ கேட்கிறது. காதை நம்புகிறவருக்கு இரண்டுமே பொறி. நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம் போட்டு, ரூபாய்த் தாளை அந்தந்தக் கட்டத்தில் வைத்துப் பழக்கினால் குறையும்.

தேர்வுக்கு வருவோம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பது மாற்றுத்திறனாளிகளின் எழுத்துத் தேர்வுகளுக்கு மத்திய அரசு 2018இல் வகுத்த அளவு. மூன்று மணி நேர எழுத்தறிவுத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம். வாசிக்கவும் எழுதவும் தெரிகிறதா என்று பார்க்கும் பகுதிகளில் சொல்வதை எழுதுபவர் கேட்பதில் அர்த்தமில்லை, நாங்களும் கேட்கவில்லை. கணக்குப் பகுதியில் கேள்வியைப் படித்துக் காட்டட்டும். ர–ற, ன–ண மாறினால் மதிப்பெண் குறைக்க வேண்டாம். இவ்வளவும் ஒரு பக்கச் சுற்றறிக்கையில் அடங்கும்.

எழுத்தறிவைத் தாண்டிப் பத்தாம் வகுப்புக்குப் போக நினைப்பவருக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. வயது உச்சவரம்பு இல்லை, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. ஆனால் அங்கே தேர்வுச் சலுகைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று வேண்டும், சிக்கல் அங்கேதான். இந்தக் குறைபாட்டைக் கண்டறியப் பரவலாகப் புழங்கும், பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் தேர்வுத் தொகுப்பு 12 வயது வரையிலான பிள்ளைகளுக்காக உருவானது. முப்பத்தைந்து வயதுக்காரரை உட்காரவைத்தால் மருத்துவ உளவியலர் பள்ளிப் பதிவேடு, பழைய நோட்டு என்று கேட்பார். அவர் கேட்பதும் நியாயமே, இளமையிலேயே தொடங்கியது என்று உறுதிசெய்யாமல் சான்று தர முடியாது. இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய நோட்டுக்கு எங்கே போவது? அண்ணனோ அக்காவோ உடன் வந்து சொல்லும் விவரத்தை ஏற்கலாம். அதோடு மையத்தின் வருகைப் பதிவு, எந்தப் பாடம் எத்தனை முறை திரும்பக் கற்பிக்கப்பட்டது என்ற குறிப்பு, மாதம் ஒன்றாகத் தேதி போட்ட கையெழுத்து மாதிரி ஆறு. 200 மணி நேரப் பயிற்சியின் இந்த ஆவணத்துக்கு நிகராக வேறெதுவும் அவரிடம் இருக்காது. தேர்வு முடிந்ததும் அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், ஒருங்கிணைப்பாளரின் கையொப்பத்தோடு கற்றவரிடமே கொடுத்தனுப்பும்படி பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் உத்தரவிட வேண்டும்.

– சிறப்புக் கல்வியாளர்கள் இருவர்,
திருச்சி.