உரசி ஓடும் ரத்தம்

அன்பு மகளுக்கு,

ஐம்பது வயதில் நடக்கத் தொடங்கி என்ன ஆகப்போகிறது, விறைத்த ரத்தக்குழாய் விறைத்ததுதானே என்று கேட்டிருந்தாய். விறைப்பு பாதிச் சங்கதிதான். தமனியின் உட்புறம் முழுக்க ஒரே ஓர் அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடினால் அந்த உரசலை உணர்ந்து அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். அதற்கு வெளியே இருக்கும் தசை தளரும், குழாய் விரியும். இந்த வாயு ரத்தக்குழாய்களுக்குச் செய்தி சொல்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

வயது ஏற ஏற இந்தச் சுரப்பு குறையும். சுரப்பதிலும் ஒரு பங்கை, சூப்பராக்சைடு என்ற வினைமிகுந்த ஆக்சிஜன் வடிவம் தின்றுவிடும். குழாய்ச் சுவருக்கு நெகிழ்ச்சி தரும் எலாஸ்டின் இழைகள் நைந்து, விறைப்பு தரும் கொலாஜன் கூடுவது வேறு கதை. அந்த விறைப்பு கொஞ்சம்தான் இளகும். சுரப்புக் கோளாறு அப்படியில்லை. பயிற்சிப் பழக்கமே இல்லாத நடுவயது, முதிய ஆண்களிடம் மூன்று மாத வேகநடையிலேயே அது பெரிதும் சீராகியிருக்கிறது.

ஆண்களிடம் என்று எழுதியிருப்பதைக் கவனி. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்தப் பலன் அத்தனை சீராகக் கிடைப்பதில்லை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதுதான் முக்கியக் காரணம். உனக்கு இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் இப்போதே என்கிறேன். நின்ற பிறகும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நடை உதவும்.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். 208-இலிருந்து வயதில் 0.7 பங்கைக் கழித்தால் உன் உச்ச நாடித்துடிப்பு ஏறக்குறைய 173. நடக்கும்போது 110 முதல் 130 வரை இருக்கட்டும்: பேச முடியும், பாட முடியாது. இரண்டு மாதம் கழித்து, உடம்பு ஒத்துழைத்தால், வாரத்தில் ஒரு நாள் 4 நிமிடம் ஏற்றத்தில் விரைவாக, 3 நிமிடம் மெதுவாக என்று நான்கு சுற்று. முடித்ததும் சட்டென்று நின்றுவிடாதே. ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். 5 நிமிடம் மெல்ல நட.

எடை தூக்குவதும் வேண்டும், வாரம் இருமுறை. மூச்சை அடக்கித் தூக்கினால் அழுத்தம் கிடுகிடுவென ஏறும், ஆகவே தூக்கும்போது மூச்சை வெளியே விடு.

காலையில் நடந்துவிட்டோமே என்று பகல் முழுக்க உட்கார்ந்துவிடாதே. மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தாலே கால் தமனியின் விரியும் திறன் குறைகிறது. மடங்கிய முழங்காலுக்குக் கீழே ஓட்டம் மந்தமாகி, உரசல் குறைந்துபோவதுதான் காரணம். எழ முடியாத கூட்டங்களில் பாதத்தையாவது ஆட்டிக்கொண்டிரு.

வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் விழுங்காதே. பயிற்சியின் பலனை அவை மழுங்கடிக்கக்கூடும். கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பானையும் காரணமில்லாமல் தினமும் பயன்படுத்தாதே. உணவில் வரும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள்தான், நைட்ரிக் ஆக்சைடுக்கு அதுவும் ஒரு வழி.

தொடங்கும் முன் ஒரு வாரம் காலையில் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதி அனுப்பு. 180/110-ஐத் தொட்டால் நடையைத் தள்ளிவைத்து உடனே மருத்துவரைப் பார். நடக்கையில் நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆள் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா