சீனக்குடா விமான விபத்துகள்: விசாரணை முடிவையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைக்குச் சுற்றுலா வருகிற சனத்தின் காதில் சீனக்குடாவில் உள்ள 91ஆம் இலக்க எண்ணெய்க் குதத்தின் கதை எப்படியும் விழுந்துவிடும். யப்பான் விமானி ஒருவர் தற்கொலைத் தாக்குதலாக வந்து மோதினார், உலகத்திலேயே அதுதான் முதலாவது என்று ஓட்டோக்காரத் தம்பிமார் சொல்கிறார்கள். பிழைப்பு, சொல்லட்டும். ஆனால் யப்பான் அப்படிப்பட்ட அணிகளை அமைத்தது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸ் சண்டையின்போது. சீனக்குடாவில் விமானம் விழுந்தது, யப்பான் விமானங்கள் இங்கே வந்து தாக்கிய 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. திரும்பிப் போக வழியில்லாமல் விழுந்ததா, வேண்டுமென்றே குதத்தின் பக்கம் திருப்பினாரா என்பது அந்த மனுசனோடு போய்விட்டது.

என் தகப்பனார் அப்போது வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். விமானியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. குதம் ஏழு நாள் எரிந்ததையும், கொடியில் காயப்போட்ட வேட்டியெல்லாம் கரி படிந்ததையும், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு சனம் ஊரைவிட்டு நடந்ததையும்தான் சொல்வார். அன்று சீனக்குடா ஓடுபாதையிலிருந்து எழும்பிய வெள்ளைக்காரனின் ஹரிக்கேன் சண்டை விமானங்களில் பல திரும்பவில்லை. முதல் நாள் இரவு துறைமுகத்தைவிட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும், தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் அன்றே தாண்டது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். இதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும். எண்பது வருஷத்துக்கு முந்திய விபத்தைப் பற்றி இவ்வளவு தெரிகிறதே, நேற்று நடந்ததைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் புகையிரதப் பகுதியில் வேலை செய்தவன். சீனக்குடாப் புகையிரத நிலையத்தில் நின்றால் விமானப்படையின் பயிற்சி விமானங்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தில் விமானச் செய்திகளைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒரு கோப்பில் போட்டு வருகிறேன். (வீட்டில் இதற்கு நல்ல பெயர் இல்லை.) அதில் உள்ளதைத்தான் சொல்கிறேன். 2020 டிசெம்பர் 15: சீனக்குடாவிலிருந்து தனியாகப் பறந்த பயிலுநர் ஒருவர், பி.டி. 6 விமானம் கந்தளாய்ப் பக்கம் விழுந்ததில் இறந்தார். 2023 ஓகஸ்ட் 7: அதே வகை விமானம் முற்பகல் 11.25க்கு எழும்பி, 11.27க்குத் தளத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. பயிற்றுவிப்பாளரான விமானி ஒருவரும் பொறியியல் அதிகாரி ஒருவரும் உயிரிழந்தார்கள். 2025 மார்ச் 21: சீனக்குடாவிலிருந்து போன கே. 8 ஜெட் விமானம் வாரியபொலப் பகுதியில் விழுந்தது; அதில் இருந்த இருவரும் பரசூட்டில் குதித்து உயிர் தப்பினார்கள்.

கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சீனத் தயாரிப்புத்தான். கே. 8இல் விமானியை ஆசனத்தோடு வெளியே தூக்கி எறியும் ஏற்பாடு உண்டு. பி.டி. 6 பிஸ்டன் எஞ்சின் பூட்டிய ஆரம்பப் பயிற்சி விமானம். அதில் அந்த ஆசனம் இல்லை. மூடியைத் திறந்து, தானாக வெளியேறி, பரசூட்டை விரிக்க வேண்டும். அதற்கு உயரம் வேண்டும். எழும்பி இரண்டே நிமிடத்தில் விழும் விமானத்தில் அந்த உயரம் எங்கே கிடைக்கும்? முதன்முதலாகப் பறக்கப் பழகுகிற பிள்ளைகள் ஏறுவது இந்த விமானத்தில்தான். இதைக் கேட்பதற்கு விமானவியல் படித்திருக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு தடவையும் 'விசாரணைக் குழு நியமனம்' என்ற செய்தி என் கோப்பில் இருக்கிறது. குழு என்ன கண்டது என்று ஒரு துண்டும் இல்லை. எஞ்சினா, பராமரிப்பா, வேறு எதுவுமா? பயணிகள் விமானம் விழுந்தால் சர்வதேச சிவில் விமான ஒழுங்குகளின்படி விசாரணை அறிக்கையைப் பகிரங்கப்படுத்த வேண்டும், முடிந்தால் 12 மாதத்துக்குள். அந்த ஒழுங்குகளுக்கு அடிப்படையாக 1944இல் சிக்காகோவில் செய்த உடன்படிக்கை இராணுவ விமானங்களுக்குப் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். முழு அறிக்கையையும் நான் கேட்கவில்லை. ஆயுத விபரம், இரகசியம் எல்லாம் விமானப்படையிடமே இருக்கட்டும். என்ன காரணம், அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்று ஒரு பக்கத்தில் மூன்று மொழியிலும் வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது? அந்த ஓடுபாதையில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய சின்ன விமானங்களும் இறங்குகின்றன. அதைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்வருகிறார்கள்.

2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்துப் பார்க்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வாய்மூல விடைக்காக ஒரு கேள்வி கொடுத்தால், அமைச்சர் எழுந்து ஏதாவது சொல்லத்தான் வேண்டும். சொன்னது பாராளுமன்றப் பதிவான ஹன்சாட்டில் ஏறும். கேள்வியை எழுதிக் கொடுக்க நான் தயார். திகதிகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. தங்கள் திருகோணமலைச் செய்தியாளர் எப்போது வந்தாலும் எடுத்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.