ஊசி குத்திய ஓட்டை

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறாள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வட்டங்களை எல்லாம் 'பொதுமைய வட்டங்கள்' என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். சொல்லக் கூடாது. உள்ளே இருந்தால் மட்டும் போதாது, மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். காம்பஸின் ஊசியை எடுக்காமல் பென்சில் காலை மட்டும் அகட்டி அகட்டிச் சுற்றிப் பார். தாளில் வட்டம் பத்து இருக்கும், ஊசி குத்திய ஓட்டை ஒன்றுதான் இருக்கும். ஊசி ஒரு நூல் நகர்ந்தாலும் இடைவெளி ஒரு பக்கம் பருத்து, எதிர்ப் பக்கம் சிறுத்துவிடும்.

வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு சதுரத்தின் மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளியில் ஊசியை ஊன்றி வட்டம் போட்டால், அந்த இரண்டும் பொதுமைய உருவங்கள்தான்.

இன்னொன்று. இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டினால் அவற்றுக்கு ஒரே மையம் இருக்க முடியாது. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், தன் 'எலிமெண்ட்ஸ்' தொகுப்பின் மூன்றாம் நூலில் இதை நிறுவியிருக்கிறார். குளத்தில் இரண்டு இடத்தில் கல் எறிந்தால், ஒவ்வொரு கல்லின் அலைகளுக்கும் தனித்தனி மையம். அதனால்தான் அவை குறுக்கே வெட்டிக்கொள்கின்றன.

சரி, பேத்தி கதை. 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்தில் நிற்பவர் ஏன் முன்னால் நிற்கிறார் என்று கேட்டாள். ஓடுதளத்தின் வளைவுகள் பொதுமைய அரைவட்டங்கள். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு தடம் வெளியே தள்ளினால் ஆரம் அவ்வளவு கூடுகிறது. இரண்டு வளைவும் சேர்ந்து ஒரு முழு வட்டம் என்பதால் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் ஏறக்குறைய 7.67 மீட்டர் கூடும். அதை ஈடுகட்டத்தான் வெளித்தடத்தில் இருப்பவர் முன்னால் நிற்கிறார். மைதானம் பெரிதோ சிறிதோ, அந்தக் கூடுதல் மாறாது! இத்தனை வருடம் கழித்தும் இது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. அவளோ நம்பவில்லை. தாளில் சின்னதும் பெரியதுமாக இரண்டு மைதானம் வரைந்து, தானே கணக்குப் போட்ட பிறகுதான் விட்டாள்.

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். நீ வரும்போது காட்டுவாளாம்.

அன்புடன்,
முத்து