உன் ஞானஸ்நானத்தன்று நான் சொன்ன ஒரு சொல்

அன்புள்ள ஞானமகனுக்கு,

சர்வேசுரன் உன்னை ஆசீர்வதிப்பாராக. "பெரியம்மா, தவக்காலத்துக்குப் பிரியாணியையும் டீயையும் நிறுத்திவிட்டேன். இன்னும் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்" என்று சாம்பல் புதன் இரவு சென்னையிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாய். அன்றே இரண்டு வரி பதில் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து இப்போது எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் ஊரார் எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு, கட்டாயமான நாட்கள் இரண்டுதான்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயதுவரை உள்ளவர்களுக்கு அது கடமை. புலால் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கே தொடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சாப்பிடலாமா என்று உன் அறைத் தோழன் கேட்டானாம். கணக்கை நீயே போட்டுப் பார். இந்த ஆண்டு பிப்ரவரி 18 சாம்பல் புதன். ஏப்ரல் 4 பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். அதை ஒருசந்தியில் சேர்ப்பதில்லை. மீதி நாற்பது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிறவனைப் பார்த்து முகம் சுளிக்காதே.

நிறுத்திய டீக்கும் பிரியாணிக்கும் ஆகிற காசு எங்கே போகிறது என்பதையும் பார். சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி பூசையில் எசாயா 58-ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். பசித்தவனுக்குச் சோற்றைப் பகிராமல், தலையை நாணல்போல் குனிந்துகொண்டு இருக்கும் உபவாசத்தை ஆண்டவர் அதில் நேருக்கு நேராகக் கண்டிக்கிறார். உன் விடுதி வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் காவலாளி எந்நேரம் சாப்பிடுகிறார் என்று உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று விசாரி.

சட்டமும் கணக்கும் இவ்வளவுதான். இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கடினம்.

ஞானஸ்நானத்தில் உனக்கு ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் நான் அல்ல. உன் அத்தை. உன் அப்பாவுக்கு ஒரே அக்காள். நம் பக்கத்து முறைப்படி தம்பி பிள்ளைக்கு முதல் உரிமை அவருக்குத்தான். நீ பிறந்த அன்றே மேலத்தெரு முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டு நடந்தவர். உன் அம்மாவும் அப்பாவும் என்னைக் கேட்டபோது, "அண்ணி இருக்கும்போது நான் எப்படி?" என்று ஒரு வார்த்தை சொல்லி நான் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. டீச்சர் என்பதால் என்னைக் கேட்கிறார்கள் என்ற பெருமை எனக்கு இருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஞானஸ்நானம் முடிந்து உங்கள் வீட்டு முற்றத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் அத்தையைத்தானே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். நான் இலையில் பாயசத்தை வைத்துக்கொண்டே சொன்னேன்: "விசுவாசப் பிரமாணத்தைப் புத்தகத்தைப் பார்த்துக்கூட வாசிக்கத் தெரியாதவர் பிள்ளைக்கு எந்த ஞானத்தை ஊட்டுவார்?" நாலு பேர் சிரித்தார்கள். உன் அத்தை எனக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர் அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. 21 ஆண்டுகள் ஆகின்றன.

இத்தனை வருடமும் நான் என்னிடமே சொல்லிக்கொண்டது வேறு. "அவர்தான் கோபக்காரி, எனக்கு அவர்மேல் ஒன்றும் இல்லை" என்பேன். ஒவ்வொரு தவக்காலமும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது, யார்மேலும் எனக்குப் பகை இல்லை என்று மனச்சாட்சியைத் தடவிக்கொடுத்து, பூசையில் நற்கருணை நன்மை வாங்கினேன்.

பிப்ரவரி 27, தவக்காலத்தின் முதல் வார வெள்ளி. காலைப் பூசை வாசகம் மத்தேயு ஐந்தாம் அதிகாரம். எத்தனையோ தரம் கோயிலில் நானே மைக் முன்னால் நின்று வாசித்த பகுதி. காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் உறவு கொள் என்கிறார் ஆண்டவர். அன்றுதான் அந்த வேற்றுமை உருபு என் காதில் விழுந்தது, ஐயா. உனக்கு அவன்மேல் அல்ல, அவனுக்கு உன்மேல். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்குக் கோபம் இல்லை என்பது அங்கே கணக்கிலேயே வரவில்லை. யாருக்கு என்னால் மனம் நொந்திருக்கிறதோ அவர் வீட்டுக்கு நான்தான் நடக்க வேண்டும்.

அன்று மாலை, ஆண்டவருடைய பாடுகளைப் பதினான்கு இடத்தில் நின்று தியானிக்கும் சிலுவைப்பாதை மேலத்தெருவில். இப்போது பங்கில் ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வொரு அன்பியத்தின், அதாவது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவின், தெருவில் நடத்துகிறோம். பதினான்கு வீட்டு வாசலில் பதினான்கு ஸ்தலம். ஆறாம் ஸ்தலம், வெரோணிக்கம்மாள் ஆண்டவருடைய திருமுகத்தைத் துடைக்கும் இடம், உன் அத்தை வீட்டு வாசலில் அமைந்தது. ஸ்டூலின்மேல் வெள்ளைத் துண்டு விரித்து, மணல் நிரப்பிய இரண்டு டம்ளரில் மெழுகுவர்த்தி நட்டு, நடுவில் சுருபத்தை வைத்திருந்தார். வாசல் தெளித்து ஈரம் காயவில்லை. திண்ணை ஓரத்தில் பீடித் தட்டு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. வெட்டிய இலைக்கட்டின்மேல் ஈரத்துணி போட்டிருந்தார். அந்த வாசலில் நான் கால் வைத்து எத்தனையோ வருடம்.

அந்த இடத்தில் தெருவிளக்கு எரியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி புத்தகத்தை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தாள். காற்று அடித்ததும் ஒரு திரி அணைந்தது. அவள் தடுமாறினாள். நான் கண்ணாடியை எடுப்பதற்குள் உன் அத்தையின் குரல் வந்தது. ஸ்தலத்தின் தியானத்தையும் அதன்பின் வரும் செபத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். இப்போதைய புத்தகத்தில் உள்ள நடை அல்ல. நம் ஆச்சிமார் காலத்துப் பழைய நடை. "திவ்விய இயேசுவே, உம்மை ஆராதித்து வணங்கி" என்று தொடங்கும்போது கூட்டத்தில் வயதானவர்கள் எல்லாரும் தங்களையறியாமல் கூடச் சேர்ந்தார்கள். பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே பெண்கள் கூடிச் செபமாலை சொல்லும் திண்ணைகளில், தாய் வாயிலிருந்து காதால் வாங்கிய செபம் அது. விசுவாசப் பிரமாணமும் அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். 21 வருடத்துக்கு முன்னாலும் தெரிந்திருக்கும். நான் கேட்கவே இல்லையே.

ஏழாம் ஸ்தலத்துக்கு எல்லாரும் நகர்ந்தபோது எனக்குக் கால் வரவில்லை.

உடனே போய்விட்டேன் என்று நினைக்காதே. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இடையில் வியாழக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவர் வீட்டுக்குப் போனீர்களா, அம்மா?" என்னிடம் பதில் இல்லை. பாவசங்கீர்த்தனம் என்ற இந்த அருட்சாதனத்துக்கு இப்போது ஒப்புரவு என்று பெயர். திருக்குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். ஊருணி நீர் நிறைந்தாற்போல என்று வள்ளுவர் சொல்வது அதில்தான். ஊருணி ஒருவருக்காக நிறைவதில்லை; குடம் கொண்டு வருகிற எல்லாருக்கும் பொது. பாவசங்கீர்த்தனம் என்றால் என் பாவத்தைச் சொல்லி இறக்கிவைத்துவிட்டு எழுந்து வருவது என்றே பழகியிருந்தேன். ஒப்புரவு என்று பெயர் வைத்தவர்கள் ஊரோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 7, சனிக்கிழமை, பங்கிலிருந்து இரண்டு வேனில் வடக்கன்குளம் போனோம். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. உன் அத்தை முன் இருக்கையில், நான் பின் இருக்கையில். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்டபிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயிடம் வேதம் கேட்டு, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பதும் அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபோது நம் கோயிலில் வெடி போட்டது உனக்கு நினைவிருக்கும்.

அதே வடக்கன்குளத்தில், அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊரில், பிற்காலத்தில் கட்டிய திருக்குடும்பக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்காரவைத்தார்கள். பீடம் ஒன்று, கோயில் உடல் இரண்டு, நடுவே தடுப்புச் சுவர். 1910-இல் குருக்கள் சுவரை இடித்தார்கள். இடித்தது தப்பு என்று ஒரு சாரார் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் குறுக்குச் சுவர் நிற்கிறது. நாற்பது நாள் ஒருசந்தி இருந்து, அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று மண்ணுக்குத் திரும்புவாய் என்று சாம்பல் பூசிக்கொள்கிறோம். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சாதியைப் பற்றி மேடையில் நான் பேசியிருக்கிறேன், உனக்கும் பேச எழுதித் தந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோயிலுக்குள் முழந்தாளில் நின்றபோது எனக்கு வேறு எந்தச் சுவரும் நினைவுக்கு வரவில்லை. வாசிக்கத் தெரிந்தவள் இந்தப் பக்கம், தெரியாதவர் அந்தப் பக்கம் என்று உன் வீட்டு முற்றத்தில் நான் எழுப்பியதுதான் வந்தது.

மறுநாள் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. கிணற்றடியில் ஆண்டவர் தண்ணீர் கேட்ட சமாரியப் பெண்ணின் வாசகம். பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே மேலத்தெருவுக்கு நடந்தேன். உச்சி வெயில். உன் அத்தை திண்ணையில் இலை வெட்டிக்கொண்டிருந்தார். தகரத்தை இலையின்மேல் வைத்துக் கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்த கை நின்றது. நான் நின்றபடியே, அன்று சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லி, "இதைச் சொன்னது பாவம், அண்ணி. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "வெயிலில் நிற்காதீர்கள், டீச்சர்" என்றார். எழுந்து உள்ளே போய் மண்பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடித்து நான் செம்பைக் கொடுத்தபோது, "எனக்கு அன்று வலித்தது உங்கள் பேச்சைவிட அந்தச் சிரிப்புத்தான்" என்றார்.

அதனால்தான் இதை ஊரார் படிக்க எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை மூடிய கதவுக்குள் திரும்ப வாங்கினால் சரியாகாது. அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்றும் இருக்கிறார்கள்; அவர்களும் படிக்கட்டும். அத்தையிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில் திருத்தினார்: செம்பில் இருந்தது தண்ணீர் இல்லையாம், மோராம். உன் அத்தை சொல்வதுதான் சரியாக இருக்கும். என் நினைவில் இருந்தபடி மேலே விட்டிருக்கிறேன்.

இனி உனக்கு வேலை. குருத்தோலை ஞாயிறு மார்ச் 29. சனிக்கிழமை இரவே பஸ் ஏறி வந்துவிடு. பெரிய வாரம் முழுவதும் இங்கே இரு. போன வருடக் குருத்தோலையைத் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்து, சாம்பலுக்கென்று கோயிலில் கொண்டு கொடுப்பவர் உன் அத்தை. இந்த வருட ஓலையை நீ கையில் வாங்கி அவருக்குக் கொடு.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் பெயர் கேட்டிருக்கிறார் சாமியார். 2016 முதல் பெண்களையும் சேர்க்க அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் வழிசெய்திருப்பதால் அத்தை பெயரைக் கொடுத்தேன். அவர் மறுக்கிறார். நூறு நாள் வேலையில் குளத்து மண்ணில் நின்று நின்று இரண்டு குதிகாலும் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது; இந்தக் காலையா சாமியார் தொடுவார் என்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். வரும்போது பித்தவெடிப்புக்கு நல்ல களிம்பாக ஒன்று வாங்கி வா. உன் டீக்காசில் வாங்கு. வந்ததும் என் வீட்டுக்கு வராதே. பையோடு நேரே அவர் வீட்டுக்குப் போ. நான் அங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
உன் ஞானத்தாய்