செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய புகைப்படங்களில் ஆளையும் இடத்தையும் அறியும் பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்கள் வைத்திருக்கும் பழைய புகைப்படங்களில் நிற்பவர் யார், இடம் எது என்று விசாரித்து எழுதிவைக்கும் பணியே இவ்வாண்டு நம் சங்கத்தின் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது. மற்ற அலுவல்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் நம்மவர் டர்பனின் கேட்டோ மேனர் முதலிய இடங்களை விட்டுச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டபோது வீடும் தெருவும் சேர்ந்தே இடிபட்டதால், படத்திலுள்ள தெருவை நேரில் போய் ஒப்பிட்டுப் பார்க்க இன்று வழியில்லை. ஆயினும் கேட்டோ மேனரில் சில கோயில்கள் இடிபடாமல் நின்றன. கோபுரம் ஒன்று படத்தின் ஓரத்தில் தெரிந்தால் அதுவே நமக்குப் பெருந்துணை. டர்பனில் மேலே செல்லும் மின்கம்பியால் இயங்கும் டிராலி பஸ் 1935 முதல் 1968 வரை ஓடியது. தெருவில் அது நிற்கும் படத்துக்குக் காலவரம்பு உடனே கிடைத்துவிடுகிறது.

காவடிப் படம் ஒன்றுக்கு உம்கேனி ரோடு கோயில் என்று நானே எழுதிவைத்திருந்தேன். அது பிழை. சாட்ஸ்வொர்த்தில் வாழும் பாட்டியம்மாள் ஒருவர் அதைக் கண்ணருகே பிடித்து, காவடி எடுத்தவரை விட்டுவிட்டு, பின்னால் சரிவில் இருந்த தகர வீட்டையும் அதன் மூன்று கற்படிகளையுமே நெடுநேரம் பார்த்தார். "உம்கேனி ரோட்டுல ஏதுப்பா இந்த மேடு? இது கேட்டோ மேனர். இந்த நடுப்படி ஆடும், பாத்து காலு வைக்கணும்" என்றார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு அது. அன்றே குறிப்பைத் திருத்தினேன்.

அதன்பின் நாம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. "இவர் இன்னார்தானே?" என்று கேட்டால் பெரியவர்கள் நம் மனம் கோணாதிருக்க ஆமென்று சொல்லிவிடுகிறார்கள், ஆகவே படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம், இருவர் தனித்தனியே ஒரே பெயரைச் சொன்னால்தான் உறுதி என்று எழுதுகிறோம்.

பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தகப்பன் பெயரே குடும்பப் பெயராகப் பதிவானதால் ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கே வேறு வேறு பெயர்கள் அமைந்திருக்கின்றன. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரின் கப்பல் பதிவேட்டில் எண், தகப்பன் பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் ஆகியவை இருப்பதால் உறவு காண அது பெரிதும் உதவுகிறது. ஆனால் நெற்றித் தழும்பு ஒன்றை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது பெண்களின் நிலை. ஒரு படத்தின் பின்புறம் தமிழ்க் கையெழுத்தில் ஆண்கள் நால்வருக்கும் பெயர் இருக்க, நாற்காலியில் குழந்தையோடு அமர்ந்தவருக்கு "சம்சாரம்" என்று மட்டுமே இருந்தது. பல வீடுகள் ஏறி இறங்கிய பிறகு பேத்தி ஒருவர் பெயரைச் சொன்னார். அதைப் படக்குறிப்பில் எல்லாருக்கும் முன்னால், முதலாவதாகவே எழுதினோம்.

படத்தின் பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யவும், எழுதினால் மென்மையான பென்சிலால் மட்டும் ஓரத்தில் எழுதவும், லாமினேட் செய்யாதிருக்கவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் தெரியாத திருமணப் படம் ஒன்று இக்கூடத்தின் வாசலருகே வைக்கப்பட்டுள்ளது. வீட்டுப் பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்து காட்டுங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்