மல்லிகாவுக்கு, கயலைப் பற்றி

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

அம்மாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அடுத்த பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பரீட்சை அன்று காலையில் கயல் வாந்தி எடுக்கிறாள், ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஸ்கேனில் ஒன்றுமில்லை, நடிக்கிறாளோ என்று உன் மாமியார் கேட்கிறார். நடிப்பில்லை, மல்லி. மூன்று வருஷத்துக்கு முன் என் செழியனும் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். உன்னிடம்கூட நான் சொல்லவில்லை. டீச்சர் பிள்ளைக்கே இப்படியா என்று கேட்பார்களே என்ற பயத்தில் நான்கு மாதத்தை வீணாக்கினேன்.

கடைசியில் சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் போனோம். மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன். மாத்திரை எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட். இவர்கள் பேச்சாலும் பயிற்சியாலும் குணப்படுத்துகிறவர்கள் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அந்தம்மா அறிவுரையே சொல்லவில்லை. வினாத்தாளைக் கையில் வாங்கும்போது மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் கேட்டார். வெகுநேரம் கழித்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது, அப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்றான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு வரியைத்தான் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். நோட்டில் ஒரு பக்கம் அந்த எண்ணம். எதிர்ப்பக்கம் அது நிஜம் என்பதற்கும் நிஜமில்லை என்பதற்கும் சாட்சி. திருப்புதல் தேர்வுத் தாளை எடுத்துப் பார்த்தவன், எழுதாமல் விட்ட பன்னிரண்டு மார்க்கில் ஒன்பதுக்கு விடை தெரிந்திருந்தது என்று தானே கண்டுபிடித்தான். இதைச் சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றுகிற சிகிச்சை என்கிறார்கள். 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய முறையாம்.

பிறகு பயத்தோடு பழக்கினார்கள். முதலில் வீட்டில் பழைய வினாத்தாள், கடிகாரம் இல்லாமல். அப்புறம் கடிகாரத்தோடு. அப்புறம் பக்கத்து வீட்டு மாமா கண்காணிப்பாளர் மாதிரி முன்னும் பின்னும் நடக்க. கடைசியில் ஒரு விடுமுறை நாளில் எங்கள் பள்ளிக்கூடத்தின் காலி வகுப்பறையில். நடுவில் எழுந்து ஓடிவிட்டால் பயம் வளரும், உட்கார்ந்தே இருந்தால் மெல்ல வடியும் என்றார். மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்லிக்கொடுத்தார். பரீட்சைக்கு முன் பத்து நிமிஷம் தன் கவலையை எழுதச் சொல்வதும் உண்டு. பதற்றப்படும் மாணவர்களுக்கு அது உதவியது என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. கவலை அடைத்துக்கொண்ட இடம் காலியானால் படித்தது மேலே வரும். பொதுத்தேர்வு நாள்களில் செழியன் காலையில் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.

எங்களையும் விடவில்லை. "பையன் வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன?" என்றார். 'டெஸ்ட் எப்படி எழுதினே?' இரண்டு வாரம் அதைக் கேட்கக் கூடாது என்றார். அந்த இரண்டு வாரமும் பெற்ற பிள்ளையிடம் பேச எங்களுக்கு வேறு பேச்சே இருக்கவில்லை, மல்லி. சமையல்கட்டில் நின்று அழுதேன். தேர்ச்சி விகிதத்தில் முதல் மாவட்டம் என்ற பெருமையிலேயே விருதுநகரில் வளர்ந்தவர்கள் நாம். 2017-லேயே அரசு ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் இன்னும் சித்தி மகன் மார்க்கும் அத்தை மகள் மார்க்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய். 'நான் இல்லாமலே போயிருக்கலாம்' என்று கயல் ஒருநாள் சொன்னதாக ஒரே வரியில் எழுதிவிட்டு, மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். அந்த வரியை விட்டுவிடாதே. சாகணும் என்று தோன்றுகிறதா என்று அவளிடம் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் தனியே விடாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தாலும் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசில்லை. டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கியது. நீயும் பேசலாம், அவளும் பேசலாம்.

செழியன் பிளஸ் டூவில் சுமாராகத்தான் வாங்கினான். இப்போது பி.எஸ்சி. படிக்கிறான். செமஸ்டர் வந்தால் இன்னமும் பதறுகிறான். அந்த நோட்டைத் தேடி எடுத்துக்கொள்கிறான். வாந்தி நின்றுவிட்டது. கயலிடம் பேசட்டுமா என்று அவனே கேட்டான்.

வருகிற சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. மாட்டுத்தாவணியில் வந்து நிற்கிறேன். அந்தம்மாவிடம் நேரம் கேட்டு வைத்துவிட்டேன்.

உன்,
சாந்தி